200 கிலோ மெஷினை 80 செ.மீ. மேலே ஏற்ற வேண்டும்: சாய்பலகைக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும்?

பட்டறை_மூலை (கேள்வி)

பில்லர் டிரில்லிங் மெஷின் ஒன்று. எடை 200 கிலோ, உயரம் 170 செ.மீ., அடித்தட்டு 50 செ.மீ. சதுரம். தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கும் சரக்கு வண்டித் தளத்தில் ஏற்ற வேண்டும், போய்ச் சேரும் இடத்தில் இறக்கவும் வேண்டும். கிரேனோ ஃபோர்க்லிஃப்டோ வர வழியில்லை. ஆட்கள் நான்கு பேர். கையில் 3.2 மீட்டர் நீளப் பலகை இரண்டு, கடப்பாரை, கயிறு, இரண்டு கப்பி இருக்கின்றன.

பாடப்புத்தகப்படி நீளத்தை உயரத்தால் வகுத்தால் 4. அப்படியானால் 50 கிலோ இழுப்பு போதும். ஆனால் மெஷினை மரச்சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்தி, அதே பலகைகளைச் சமதரையில் போட்டு, கயிற்றுக்கு நடுவே தொங்கு தராசு மாட்டி இழுத்துப் பார்த்தால், அசையத் தொடங்க 90 கிலோ, நகர்ந்த பிறகு 75 கிலோ காட்டுகிறது. மேடே இல்லாத இடத்தில் 75 என்றால் மேட்டில் 50 எப்படிச் சரியாகும்? பலகையை இன்னும் நீளமாகப் போட்டால் குறையுமா? உருளை வைப்பதா, கப்பி கட்டுவதா?

---

சமன்பாடு

தராசு மாட்டி அளந்தீர்களே, பாதி வேலை முடிந்தது. பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை.

அந்த 50 கிலோ தப்பில்லை. அது உயரத்துக்கு மட்டும் கொடுக்கும் விலை. உராய்வுக்கான விலை தனி. சமதரையில் 200 கிலோவை நகர்த்த 75 கிலோ பிடித்தால் உராய்வுக் குணகம் 75 ÷ 200, அதாவது 0.375. தொடக்க உராய்வுக்கு 0.45. (இங்கே கிலோ என்று நான் சொல்வதெல்லாம் உங்கள் தராசு காட்டும் விசை. நியூட்டனில் வேண்டுமானால் 9.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

3.2 மீட்டர் பலகையை 80 செ.மீ. உயரத்தில் சாய்த்தால் கோணம் 14.5 டிகிரி. பலகையை அழுத்தும் எடை 200 இல்லை, சற்றுக் குறைந்து 194 கிலோ. எனவே உராய்வு 194 × 0.375 = 73. மொத்த இழுப்பு 50 + 73 = 123 கிலோ. அசைத்துவிட 50 + 87 = 137 கிலோ. புத்தகம் 4 மடங்கு லாபம் என்கிறது, உங்களுக்குக் கிடைப்பது 1.6 மடங்கு. திறன், அதாவது செலவழித்த வேலையில் உயர்த்துவதற்குப் பயன்பட்ட பங்கு, 41 சதவீதம்.

பலகையை நீட்டினால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். ஒன்றரை மடங்காக்கி 4.8 மீட்டர் போட்டால் உயரத்தின் பங்கு 50லிருந்து 33 ஆக இறங்கும். உராய்வின் பங்கோ 73லிருந்து 74 ஆகிவிடும், ஏனென்றால் சரிவு குறையக் குறைய மெஷின் பலகையை இன்னும் நன்றாக அழுத்துகிறது. மொத்தம் 107. பலகை ஒன்றரை மடங்கு நீண்டும் மிச்சமானது 16 கிலோதான்.

வேலைக் கணக்கில் இது இன்னும் மோசம். நேராகத் தூக்கினால் 1,570 ஜூல். 3.2 மீட்டர் பலகையில் உரசி இழுத்தால் 3,850 ஜூல். 4.8 மீட்டரில் 5,050 ஜூல். எந்த எளிய இயந்திரமும் வேலையைக் குறைப்பதில்லை, விசையைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டுகிறது. உராய்வு அந்தக் கூடுதல் தூரம் முழுக்க உட்கார்ந்து வரி வசூலிக்கிறது. அதனால் உங்கள் விஷயத்தில் பலகையை நீட்டுவதைவிட உராய்வைக் குறைப்பதில்தான் பணம் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உராய்வுக் குணகம் 0.375; சரிவு, அதாவது உயரத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்தது, 0.258. குணகம் பெரிது. எனவே கயிற்றை விட்டாலும் மெஷின் பலகையிலேயே நிற்கும், சரியாது. உருளை வைத்து உராய்வை 6 கிலோவுக்கு இறக்கினால் இழுப்பு 56 கிலோ ஆகும், கேட்க நன்றாக இருக்கும்; கயிறு நழுவிய நொடியில் 44 கிலோ விசை மெஷினைக் கீழே தள்ளும். பிரேக்கைக் கழற்றிவிட்டுத்தான் அந்த லாபத்தை வாங்குகிறீர்கள். திறன் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் சாய்தளம் பாரத்தைத் தானே பிடித்து நிறுத்தும், மேலே போனால் நிறுத்தாது. இந்த எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

---

கடப்பாரை

கணக்கு சரி சார். ஆனா பலகையைப் பத்தி யாருமே பேசலையே. தடிப்பு என்னன்னு கேள்வியிலயே இல்ல.

ரெண்டு பலகையும் ஆளுக்குப் பாதியா, 100 கிலோ வீதம் தாங்குதுன்னு வைங்க. மெஷின் நடுவுல வர்றப்போதான் பலகைக்கு உச்சகட்ட சோதனை. 25 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிப்புள்ள நல்ல பலகை இதைத் தாங்கும். நடுவுல ரெண்டரை செ.மீ. வளையும், அவ்வளவுதான். அதே அகலத்துல 4 செ.மீ. போட்டா மரத்துல வர்ற அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல போயிடும். 2.5 செ.மீ. பலகைன்னா நாலு மடங்கு, ஒடியலாம். தடிப்புல பாதி குறைச்சா பலத்துல முக்கால் பங்கு போச்சு. அகலத்தைக் கூட்டி இதை ஈடுகட்டணும்னா நாலு மடங்கு அகலம் வேணும்.

பலகையில நடுப்பகுதியில முடிச்சு, கீழ்ப்பக்கம் குறுக்கு விரிசல் இருந்தா ஒதுக்கி வைங்க. கீழ்ப்பக்கம்தான் இழுபடுற பக்கம், ஒடியறது அங்கதான் ஆரம்பிக்கும். நடுவுக்கு அடியில 39 செ.மீ. உயரத்துல கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்தா வளைவுச் சிக்கல் பாதிக்கு மேல தீரும். முட்டு பலகையைத் தொடாம ஒரு செ.மீ. இடைவெளி இருக்கட்டும்; பாரம் வந்ததும் பலகை இறங்கித் தானே உட்காரும். இறுக்கி வச்சா பலகை மேல்முனையில தூக்கிக்கும்.

அடுத்தது முனைகள். விபத்து நடக்கறது நடுவுல இல்ல, முனையில.

மேல்முனை: பலகைக்கு அடியில குறுக்கா ஒரு கட்டையைத் திருகாணி போட்டு முடுக்கி, அது வண்டித் தளத்தோட விளிம்புல கொக்கி மாதிரி மாட்டணும். சும்மா சாய்ச்சு வச்ச பலகை, மெஷின் மேலே வர்ற நேரத்துல பின்னால நழுவும். கீழ்முனை: வழவழப்பான தரையில பலகை தானா ஓடும், அதுக்குப் பின்னால அசையாத ஏதாவது தடை வேணும்.

வண்டி: சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் முட்டுக்கட்டை. அதைவிட முக்கியம், தளத்தோட பின்விளிம்புக்கு அடியில முட்டு. 200 கிலோ விளிம்புல ஏறின உடனே ஸ்பிரிங் அமுங்கித் தளம் இறங்கும், பலகையும் கூடவே அசையும். முட்டு இல்லாம யாரும் இதைச் செய்யாதீங்க.

இன்னொரு விஷயம், இந்த மெஷினை நின்னபடி ஏத்தறது எனக்குப் பிடிக்கல. டிரில்லிங் மெஷின்ல மோட்டாரும் தலையும் உச்சியில இருக்கும். எடை மையம் 80 செ.மீ. உயரத்துல இருந்தா, 50 செ.மீ. அடித்தட்டுல பாதி 25. 25க்கு 80ன்னா 17 டிகிரி சாஞ்சதும் கவிழும். உங்க பலகை 14.5. பலகை வளையறதால மேல்பாதியில இன்னும் ஒரு டிகிரி கூடும். மிச்சம் ரெண்டு டிகிரி கூட இல்ல, கயிறு ஒரு வெட்டு வெட்டினா போதும், பின்னால சாஞ்சிடும். மேசையையும் தலையையும் முடிஞ்ச அளவு இறக்கிப் பூட்டுங்க, சக் சாவி மாதிரி தனியா இருக்கறதைக் கழட்டிடுங்க. அப்புறம் மெஷினை மெத்தை மேல மல்லாத்திப் படுக்க வச்சு, மரச்சட்டத்துல கட்டி ஏத்துங்க. படுத்த நிலையில கவிழற பேச்சே இல்ல.

கீழ்ப்பக்கம், அதாவது மெஷினுக்குப் பின்னால, யாரும் நிக்கக்கூடாது. தள்ளற ஆசை வரும், தள்ளக்கூடாது. நாலு பேர்ல மூணு பேர் மேலே கயிறு, ஒருத்தர் பக்கவாட்டுல நின்னு நீளக் கட்டையால முட்டுக்கட்டையை நகர்த்திட்டே வரணும்.

---

பட்டறை_மூலை

நன்றி. பலகை 5 செ.மீ. தடிப்புதான், அளந்துவிட்டேன். மெஷினைப் படுக்க வைத்தே ஏற்றுகிறோம். இரண்டு சந்தேகம். நான்கு சக்கர டிராலி ஒன்று இருக்கிறது, சக்கர விட்டம் 10 செ.மீ.; அதில் வைத்து ஏற்றலாமா? கப்பியை எங்கே கட்டுவது, மெஷினிலா வண்டியிலா?

---

சமன்பாடு

டிராலி வேண்டாம் என்பேன், காரணம் சரிவு இல்லை, பலகையின் முனை.

5 செ.மீ. தடிப்புப் பலகையைத் தரையில் வைத்தால் அதன் முனை ஒரு படிக்கட்டு. உங்கள் சக்கரத்தின் ஆரமும் 5 செ.மீ. அச்சு உயரத்துக்கே தடை நின்றால், முன்னோக்கி எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் ஏறாது. விசை நேராகத் தடையில் போய் முட்டுமே தவிர தூக்காது. முனையைச் சீவி 1 செ.மீ. மேடு மட்டும் விட்டாலும், ஒரு சக்கர ஜோடியில் 100 கிலோ இருந்தால் அதை ஏற்ற 75 கிலோ இழுப்பு வேண்டும். 30 செ.மீ. விட்டச் சக்கரமாக இருந்தால் அதே 1 செ.மீ. மேட்டுக்கு 38 கிலோ போதும். சிறு சக்கரம் சமதளத்துக்கு மட்டுமே நண்பன். பலகை முனையை ஆப்பு வடிவில் முழுவதும் சீவி, அதன் மேல் 2 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றைத் தரைவரை நீட்டிப் போட்டால் டிராலி ஏறும். ஆனால் மேலே சொன்ன 44 கிலோ பின்னிழுப்புச் சிக்கல் அப்படியே இருக்கும்.

நடுவழி ஒன்று உண்டு. மரச்சட்டத்தின் அடியில் இரும்புப் பட்டை அடித்து, பலகையில் மெழுகோ காய்ந்த சோப்புக் கட்டியோ தேய்த்தால் உராய்வுக் குணகம் சுமார் 0.2க்கு வரும். இழுப்பு 50 + 39 = 89 கிலோ. கயிற்றை விட்டால் பின்னால் தள்ளும் விசை 11 கிலோதான், ஒருவர் பிடித்துவிடலாம், ஒரு சிறு ஆப்பு போதும். 123க்கும் 56க்கும் நடுவே இதுதான் நான்கு பேருக்கு ஏற்ற இடம். தேய்த்த பிறகு தராசை மாட்டிச் சமதரையில் மறுபடி ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். 40 கிலோவுக்குப் பக்கத்தில் காட்டினால் இந்தக் கணக்கு பொருந்தும். எண்ணெய் ஊற்றாதீர்கள். வழிந்து ஆட்கள் நிற்கும் இடத்துக்கு வரும்.

கப்பி மெஷின் பக்கம்தான். வண்டியில் மட்டும் ஒரு கப்பி மாட்டிக் கயிற்றைத் திருப்பினால் இழுக்கும் திசை மாறும், விசை குறையாது. கப்பியின் உராய்வால் சற்றுக் கூடவே செய்யும். கயிற்றின் ஒரு முனையை வண்டித் தளத்தின் முன்பக்கம் கட்டி, கீழே கொண்டுவந்து, மரச்சட்டத்தில் மாட்டிய கப்பியைச் சுற்றி, மறுபடி மேலே தளத்தில் நிற்பவர்கள் கைக்குக் கொடுங்கள். சட்டத்தை இரண்டு கயிறு இழுக்கிறது, ஆக இரண்டு மடங்கு. எண்ண வேண்டியது கப்பிகளை இல்லை, பாரத்தைப் பிடித்திருக்கும் கயிறுகளை.

சாதாரணக் கப்பி ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு போகும் என்று வைத்தால் இரண்டு மடங்கு 1.9 ஆகும். 89 ÷ 1.9 = 47 கிலோ. மூன்று பேருக்குத் தலா 16 கிலோ. பாரம் 3.2 மீட்டர் ஏற, கயிறு 6.4 மீட்டர் கைக்கு வரும். கட்டும் முனை, சுற்றுப்பாதை, கையிருப்பு எல்லாம் சேர்த்து 15 மீட்டர் கயிறு இல்லாமல் தொடங்காதீர்கள்.

---

கடப்பாரை

ரெண்டாவது கப்பியை வச்சு ஆட்கள் தரையில நின்னு இழுக்கலாம்னு தோணும். செய்யலாம், ஆனா அந்தத் திருப்புக் கப்பி எதுல கட்டியிருக்கோ அந்த இடத்துக்கு இழுப்பு ரெட்டிப்பு. கையில 52 கிலோ இழுத்தா அந்தக் கொக்கி தாங்கறது கிட்டத்தட்ட 100 கிலோ. வண்டிக் கம்பியில ஒட்டவச்ச சின்ன வளையத்துல மாட்டிடாதீங்க, சேஸிஸ்ல கட்டுங்க.

கயிறு நைலான்னா ரப்பர் மாதிரி நீளும். இழு இழுன்னு இழுப்பீங்க, மெஷின் அசையாது, திடீர்னு அரை மீட்டர் பாயும். அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். பாலியஸ்டர் கயிறு நீட்சி கம்மி, அதை எடுங்க. முடிச்சு போட்ட இடத்துல பலத்துல பாதி வரைக்கும் போயிடலாம். கயிறு எவ்வளவுல அறும்னு போட்டிருக்கோ அதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல இழுக்காதீங்க.

இனி கடப்பாரைக்கு வருவோம், யாரும் கேக்கல, ஆனா இது இல்லாம மரச்சட்டம் பலகை மேல ஏறவே ஏறாது. முதல்ல சட்டத்தோட முன்பக்கத்தைப் பலகை உயரத்துக்குத் தூக்கணும். ஒரு பக்கத்து எடை 100 கிலோ. 150 செ.மீ. கடப்பாரை, நுனியிலிருந்து 10 செ.மீ.ல தாங்குகட்டை. 140க்கு 10, பதினாலு மடங்கு. கையில 7 கிலோ. குழந்தை கூட அமுக்கும். ஆனா நுனி 5 செ.மீ. ஏறணும்னா கைப்பக்கம் 70 செ.மீ. இறங்கணும், அதனால ஒரே மூச்சுல 5 செ.மீ.க்குப் போகாதீங்க. ரெண்டு செ.மீ. தூக்கு, கட்டை வை, தாங்குகட்டையை உயர்த்து, மறுபடி தூக்கு.

தாங்குகட்டையில வர்ற பாரத்தை மறந்துடறாங்க. மெஷினோட 100, கையோட 7, மொத்தம் 107 கிலோ ஒரு சின்ன விளிம்புல இறங்குது. மண் தரைன்னா கட்டை புதையும், புதைஞ்சா லாபம் போச்சு. கடப்பாரை இறங்குது, மெஷின் அப்படியே நிக்குது. அடியில இரும்புத் தகடோ அகலப் பலகையோ போடுங்க. உருண்டைக் குழாயைத் தாங்குகட்டையா வைக்கவே கூடாது, அது உருண்டா கடப்பாரை மேலே துள்ளும். கடப்பாரையைக் கால் ரெண்டுக்கும் நடுவுல வச்சு நிக்காதீங்க, பக்கவாட்டுல நில்லுங்க. அடியில கட்டை வைக்கறது கையால இல்ல, இன்னொரு கட்டையால தள்ளித்தான்.

---

திருகாணி

இவ்வளவு சிரமம் எதற்கு? திருகு ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாமே. புரி இடைவெளி 6 மி.மீ., கைப்பிடி 40 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்குக் கை 2,513 மி.மீ. நகர்கிறது, பாரம் 6 மி.மீ. 400 மடங்குக்கு மேல் லாபம்!

---

சமன்பாடு

புத்தக லாபம் 419, சரி. ஆனால் திருகு என்பது தண்டைச் சுற்றிச் சுருட்டிய சாய்தளம்தான், 30 மி.மீ. தண்டில் அந்தப் புரியின் சரிவு 16க்கு 1. அவ்வளவு மென்மையான சரிவில் உராய்வு முக்கால் பங்கைச் சாப்பிட்டுவிடும், மிச்சம் சுமார் 100 மடங்கு. அதுவும் ஏராளம்தான், 200 கிலோவுக்கு 2 கிலோ. கையை எடுத்தால் ஜாக்கி இறங்காமல் நிற்பதும் இதே உராய்வின் தயவு.

சிக்கல் வேறு இடத்தில். 80 செ.மீ. ஏற 133 சுற்று, அதுவும் ஒரே ஏற்றத்தில் முடியாது. ஜாக்கியின் நீட்டம் தீர்ந்ததும் கட்டை அடுக்கி, ஜாக்கியை இறக்கி, அதன் அடியில் கட்டை வைத்து மறுபடி. கடைசியில் மெஷின் 80 செ.மீ. உயரக் கட்டை அடுக்கின் மேல் நிற்கும், அங்கிருந்து பக்கவாட்டில் வண்டிக்குள் தள்ள வேண்டும். சாய்பலகை உயர்த்துவதையும் நகர்த்துவதையும் ஒன்றாகச் செய்கிறது. அதனால்தான் இங்கே அது.

---

வாசற்படி

குறுக்கே ஒரு கேள்வி. இதே கணக்கைச் சக்கர நாற்காலிச் சரிவுக்குப் போடலாமா? வாசல் உயரம் 45 செ.மீ. இடம் குறைவு, இரண்டு மீட்டர் நீளத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள்.

---

சமன்பாடு

கணக்கு அதே, எல்லை வேறு. பரவலாகப் பின்பற்றப்படும் அளவு 12க்கு 1. 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர். ஆளும் நாற்காலியும் சேர்த்து 90 கிலோ என்றால் சரிவுக்காக மட்டும் ஏழரை கிலோ விசை; தன் கையால் சக்கரத்தை உருட்டுபவரால் இதைச் சமாளிக்க முடியும். இரண்டு மீட்டரில் முடித்தால் 20 கிலோ. தானே ஏற முடியாது, தள்ளுபவருக்கும் கடினம், நாற்காலி பின்னால் மல்லாந்து போகும் அபாயம் வேறு. இறங்கும்போது இதே 20 கிலோ எதிர்ப்பக்கம் இழுக்கும்.

இடம் இல்லையென்றால் நேராகப் போடாமல் எல் வடிவில் திருப்புங்கள், திருப்பத்தில் 1.5 மீட்டர் சதுரச் சமதளம் விட்டு. மேல்முனையிலும் அதே அளவு சமதளம் கட்டாயம், கதவைத் திறக்கும்போது சரிவில் நிற்க வைக்கக்கூடாது. அகலம் 90 செ.மீ.க்குக் குறையாமல், ஓரங்களில் சக்கரம் வழுக்காமல் இருக்கச் சிறு மேடு. 75 செ.மீ.க்கு மேல் உயரம் போனால் இடையில் ஓய்வுத் தளம் வேண்டும், உங்களுக்கு அது தேவைப்படாது.

---

அலகு_மாறி

சும்மா ஆர்வத்துக்காக: சரிவில் விசை ஏன் சரியாக உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தில் குறைகிறது? சைன், கொசைன் போடாமல் விளக்க முடியுமா?

---

சமன்பாடு

முடியும், 1586லேயே சைமன் ஸ்டீவின் என்ற ஃபிளெமிஷ் கணிதவியலாளர் செய்துவிட்டார். ஒரு பக்கம் நீளச் சரிவும் மறுபக்கம் குட்டைச் சரிவும் உள்ள முக்கோணக் கட்டை. அதைச் சுற்றிச் சம இடைவெளியில் குண்டுகள் கோத்த ஒரு மாலையைப் போட்டுவிடுங்கள். நீளச் சரிவில் நான்கு குண்டு, குட்டைச் சரிவில் இரண்டு, மிச்சம் அடியில் தொங்குகிறது. நான்கும் இரண்டும் சமமாக இழுக்கவில்லை என்றால் மாலை ஒரு பக்கம் நகரும். நகர்ந்தாலும் உருவம் அப்படியே இருக்கும், எனவே ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நடக்காது. அடியில் தொங்கும் பகுதி இருபுறமும் ஒரே மாதிரி இழுப்பதால் அதை வெட்டி எறியலாம். ஆக நான்கு குண்டும் இரண்டு குண்டும் சமன். இரண்டு மடங்கு நீளச் சரிவில் ஒரு குண்டின் இழுப்பு பாதி. ஒரு பக்கத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், உங்கள் 4க்கு 1 கிடைத்துவிடும்.

இதில் உராய்வே கிடையாது என்பதைக் கவனிக்க. உராய்வு அழுத்தும் எடைக்கு ஏற்பக் கூடும் என்ற விதியைப் பிரெஞ்சு இயற்பியலாளர் அமோன்டன் வெளியிட்டது 1699இல்தான்.

---

பட்டறை_மூலை

இறக்கும்போது என்ன செய்வது? மெழுகு தேய்த்த பலகையில் 11 கிலோ பின்னிழுப்பு என்கிறீர்கள், அது தேய்மானத்தில் மாறாதா?

---

கடப்பாரை

மாறும். மெழுகு தேய்ஞ்ச இடத்துல நிக்கும், தேய்ச்ச இடத்துல ஓடும். அதான் இறக்கறப்போ கப்பி வேணாம், கயிறைச் சுத்தி விடணும்.

வண்டித் தளத்துல முன்பக்கம் கனமான தூணோ மரக்கட்டையோ நிலையா இருந்தா, மெஷின்ல கட்டின கயிறை அதுல ஒரு முழுச்சுத்து சுத்தி மறுமுனையைக் கையில பிடிங்க. மரத்துல கயிறு ஒரு சுத்து சுத்தினா கையில வர்றது ஆறுல ஒரு பங்குக்கும் கம்மி. 44 கிலோ இழுத்தா கூட கையில 7 கிலோ. ரெண்டு சுத்துன்னா ஒரு கிலோ. வழவழப்பான இரும்புக் குழாய்னா அவ்வளவு பிடிக்காது, ஒரு சுத்துக்கு மூணரை பங்குன்னு வச்சுக்குங்க, 44க்குக் கையில 12, 13 கிலோ வரும். அங்க ரெண்டு சுத்து போடுங்க.

சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது, ஏறினா கயிறு கவ்விக்கும், மெஷின் பாதி வழியில தொங்கும், கழட்டவும் முடியாது. கயிறைக் கையில சுத்திக்காதீங்க, விரலால பிடிங்க. கைவிட்டு ஓடுதுன்னா விட்டுடுங்க, துரத்திப் பிடிக்காதீங்க. அதுக்காகத்தான் பலகையோட கீழ்முனைக்கு முன்னால ஒரு மூட்டை மணலும் பழைய டயரும் போட்டு வைக்கச் சொல்றது.

மெழுகை இறக்கற பலகையில தேய்க்கவே வேணாம். காஞ்ச மரத்துல மெஷின் தானா ஓடாது, அசைக்க 37 கிலோ, அசைஞ்சப்புறம் 23 கிலோ தள்ளினாத்தான் நகரும். தள்ளறவர் மேலே, தளத்துல நின்னு, கடப்பாரையால நெம்பி நெம்பித் தள்ளட்டும். கயிறு சுத்தினபடியே இருக்கட்டும், தளர்த்திட்டே வாங்க. ஒரு தடவைக்கு 10 செ.மீ.க்கு மேல தளர்த்தாதீங்க. இரும்புப் பட்டை அடிச்ச சட்டம்னா காஞ்ச பலகையிலயும் கொஞ்சம் வழுக்கும், அதனால முதல் 20 செ.மீ. இறக்கினதும் நிறுத்திக் கயிறை லேசாத் தளர்த்தி, மெஷின் தானா நிக்குதா ஓடுதான்னு பார்த்துக்கிட்டு மேற்கொண்டு இறக்குங்க.